வருகுது

"உங்க எஃப்எம்மைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க. நான் ஒத்துக்க மாட்டேன்."

ஐயாவு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலேறி, போர்ட் பிளேரில் இறங்கிய கையோடு மின்னி பே பகுதியிலிருந்த வானொலி நிலையத்துக்கு வந்திருந்தார். பை இன்னும் தோளில் தொங்கியது.

நிலையத்தின் தலைமை அதிகாரி சௌமியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு மனிதரால்தான் எல்லாம் நின்றுகிடக்கிறது. ஏ.எம். ஒலிபரப்பை எஃப்எம்முக்கு மாற்ற டெல்லி அனுமதி தர வேண்டும். நேயர்களிடமிருந்து ஆட்சேபணை இல்லாவிட்டால்தான் ஃபைல் நகரும். ஆட்சேபித்தவர் இவர் ஒருவர்தான். இரண்டு முறை ஃபைல் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. நேரில் பேசிப் பார்க்கலாம் என்று அவளேதான் வரச் சொல்லியிருந்தாள்.

"ஐயா, எங்க டிரான்ஸ்மிட்டர் கிழடு தட்டிப்போச்சு. அதுக்கு இப்ப ஸ்பேர் பார்ட்ஸே கிடைக்கிறதில்ல. ஒருநாள் ஒரேயடியா படுத்துச்சுன்னா ஏ.எம்மும் இல்ல, எஃப்எம்மும் இல்ல. ஸ்டேஷனையே இழுத்து மூடிடுவாங்க."

"போன மாசம் ஒரு வாரம் படுத்துச்சே, எனக்குத் தெரியாதா? திருப்பித் திருப்பிப் பாத்து ரேடியோ குமிழே கையோட வந்திருச்சு."

"அப்ப நீங்கதானே முதல் ஆளா சம்மதிக்கணும்?"

"சம்மதிச்சா எஃப்எம் கச்சாலுக்கு எட்டுமா? அதைச் சொல்லுங்க தொரசாணி."

எட்டாது. ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாது. நடுவில் அவ்வளவு கடல் கிடக்கிறது. சௌமியா பேச்சை மாற்றினாள்.

"போன்ல கேக்கலாம். ஆப் இருக்கு."

"காத்தடிச்சா எங்க டவர் பந்த். மழை பேஞ்சா பந்த். ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு ஆப்புங்கிறீங்க. இங்க பக்கத்துல பெரார்கஞ்சுல இருக்கிறவனுக்குப் பாட்டு பளிச்சுன்னு கேக்கணும். அதுக்கு நாங்க செவிடாகணும். நல்லா இருக்கு உங்க நியாயம்."

"அப்படி என்னதான் கேக்கணும் உங்களுக்கு? கப்பல் டைமிங்கைத் துறைமுகத்திலேயே எழுதிப் போடறாங்க. புயல்னா மைக் வெச்சுச் சொல்லிட்டுப் போறாங்க."

ஐயாவு வாய் திறப்பதற்குள் சுவரில் இருந்த ஸ்பீக்கரில் மதிய அறிவிப்பு தொடங்கியது. அறிவிப்பாளர் விஜயனின் குரல்.

"கச்சால் செல்லும் கப்பல் நாளை காலை புறப்படுகுது. ஹட்பேயிலிருந்து பயணிகள் கப்பல் மாலையில் வருகுது."

பேச வந்த சௌமியாவைக் கையை உயர்த்தி நிறுத்தினார் ஐயாவு. அறிவிப்பு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் கோபம் முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது.

"இவனெல்லாம் ஒரு அறிவிப்பாளனா? வருகுதாம், புறப்படுகுதாம். எஸ்டேட் லயத்து வீட்டு வாசல்ல கதைக்கிற மாதிரி கதைக்கிறான். வருகிறதுன்னு சொல்ல வாய் வலிக்குதோ? தொண்டை வேற கட்டிக் கெடக்கு. திங்கக்கிழமையிலருந்து இதே கரகரப்பு. சுடுதண்ணி குடிக்கத் தெரியாதவனை எல்லாம் மைக் முன்னால உக்கார வெச்சிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

சௌமியாவுக்கு அது எங்கே சுட வேண்டுமோ அங்கே சுட்டது. இதே வார்த்தைக்காக விஜயனை அவள் கண்டித்தது கொஞ்சமல்ல.

"அவ்வளவு மட்டமா இருந்தா எதுக்குக் கேக்கிறீங்க? ரேடியோவை அணைச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

"அது என் இஷ்டம்."

"இருங்க, அவரையே கூப்பிடறேன். நேரா அவர்கிட்டயே சொல்லுங்க." இண்டர்காமில் கை வைத்தாள்.

"வேணாம்."

சொல்லும்போதே ஐயாவு வாசலுக்குப் போயிருந்தார். "சம்மதமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. என் மூச்சு இருக்கிறவரைக்கும் வேணாம்னுதான் சொல்லுவேன்." கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அனுமதி இந்த முறையும் போயிற்று. வந்த ஆத்திரத்தில் சௌமியா நேராக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்த விஜயன் எழுந்து நின்றான்.

"உங்களால இன்னிக்கு என் மானம் போச்சு. தமிழ்ல எம்.ஏ. படிச்சிருக்கீங்க. செய்தி வாசிச்சா ஒரு பிசிறு இல்ல. கப்பல் அறிவிப்புல மட்டும் என்ன கேடு உங்களுக்கு? ஆட்சேபணை பண்ற அந்த ஆள் வருகுது, புறப்படுகுதுன்னு கிழிச்சுத் தொங்கவிட்டுட்டுப் போறாரு."

"யார் மேடம்?"

"ஐயாவுன்னு பேரு. கச்சால்லேருந்து வந்தாரு."

விஜயன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "திட்டினாரா மேடம்?"

"திட்டினாராவா? நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது. உங்களுக்குத் தொண்டை கட்டினதைக்கூட விட்டுவைக்கல."

அவன் முகம் மலர்ந்தது. சௌமியாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"என்ன, சிரிக்கிறீங்களா?"

"வங்காளிப் பொண்ணைக் கட்டிக்கிட்டதிலேருந்து அப்பா என்கிட்ட பேசறதில்ல மேடம்," என்றான் விஜயன், கட்டிய தொண்டை இன்னும் கம்ம. "சின்ன வயசுல வருகுதுன்னு சொன்னாலே மண்டையில குட்டுவாரு. அந்த வார்த்தை காதுல விழுந்தா அவரால என்னைத் திட்டாம இருக்க முடியாது. அதுக்காகத்தான் அப்படி வாசிக்கிறேன்."