மத்தியானக் கேள்வி

"கருவாடா? போன தபா இன்னா சொன்னேன்?" என்று கேட்டாள் நீலா.

"தினமும் சாப்பிடுவேன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி வந்தப்ப, மாசத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க."

"ரெண்டுமே தப்பும்மா. மறந்து பூச்சு. நீ மொதல்லேர்ந்து கேளு."

டாக்டர் சுஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காசிமேட்டில் காலமெல்லாம் மீன் விற்றவள், எந்தப் படகில் என்ன மீன் வந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், தான் தின்றதை மறந்துவிட்டாளாம்.

இந்தப் பக்கத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்தவர்கள், அது வருவதற்கு முன் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் சுஜாவின் ஆராய்ச்சி. இப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி அவளுடைய டேப்லெட்டில் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்ள வேறு டாக்டர்கள் இருக்கிறார்கள்.

நீலா ஏன் குழப்புகிறாள் என்று சுஜாவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கருவாட்டால்தான் நோய் வருகிறது என்று எழுதப்போகிறார்கள், பிழைப்பில் மண் விழப்போகிறது என்று மீன்காரப் பெண்களிடையே ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. இந்த நிலைமையிலும் தொழிலுக்காகப் பொய் சொல்கிறாளே என்று எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

எப்போது வருவதானாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரச் சொல்வாள் நீலா. மீன்காரி வீடு, ஆனால் குழம்பு வாசனையே இல்லை. மகள் மோகனப்ரியா ஓட்டலில் வாங்கிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். தனியாகப் பேசட்டும் என்று நாகரிகமாக விலகிப் போகிறாள் என சுஜா நினைத்துக்கொண்டாள்.

"சரி. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாரத்துல எத்தனை தடவை?"

"கொழம்புன்னா? கத்திரிக்கா போட்டதா?"

"போட்டதுதான்."

"மாங்கா?"

"மாங்காயும்."

"அன்னிக்கே துன்றதா, மறுநாளா?"

"மறுநாள். நல்லா சுண்டவெச்சது," என்றாள் சுஜா பல்லைக் கடித்துக்கொண்டு. "பழைய சோத்துக்குத் தொட்டுக்க. போதுமா?"

நீலா கண்ணை மூடிக்கொண்டாள். யோசிக்கிறாள் என்று சுஜா காத்திருந்தாள். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று போக, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்து அடங்கியது. நீலா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்த அப்பால சொல்றேன். சுறாப்புட்டு கேளு."

போன தடவை இறால் தொக்கிலேயே அரைமணி நேரம் போயிருந்தது. சுஜா டேப்லெட்டை மூடிவிட்டாள்.

"வேணாம்க்கா. ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் சொன்னா உங்க பேரை ஆராய்ச்சியிலேர்ந்தே எடுத்துடணும். எடுத்துடறேன். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வரமாட்டேன்."

நீலாவின் முகம் செத்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்தபடியே சுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்டி சொல்லாதம்மா. நெஜத்தையே சொல்லிட்றேன். வாரத்துக்கு ரெண்டு தபா. எழுதிக்கோ. ஆனா நீ வர்றத மட்டும் நிறுத்தாத."

"கருவாட்டு மேல பழி வந்துடும்னு பயந்துதானே மாத்தி மாத்திச் சொன்னீங்க?"

"கருவாடு கெடக்குது, வுடு."

"அப்புறம் ஏன்க்கா? மொதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா நான் இத்தனை தடவை வந்திருக்கவே வேணாமே!"

"அதுக்குத்தாம்மா சொல்லல."

சுஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீலா தயங்கித் தயங்கி இடுப்புப் புடவையை விலக்கினாள். வயிற்றில் துளையிட்டுச் செருகிய ஒரு ரப்பர் குழாய். பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. குழாயின் வாயில் காலையில் ஊற்றிய கஞ்சி காய்ந்து போயிருந்தது.

"வவுத்துக்கு இந்த டியூப்பு கீது. நாக்குக்கு நீ மட்டுந்தாம்மா கீற."