குளியலறையில் பல்லி சொன்னது

கிட்ட வந்து உட்காருங்க, குட்டிக் கதைதான்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தடியூன்றி, குளிக்க வந்தார் கிழவர் சடையப்பர். குளியலறைத் தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை.

"விழுந்தா இடுப்பு போச்சே! பல்லியக்கா, ஏதாவது பண்ணேன்!" என்று பதறியது தடி.

"நீ கத்தினா அவருக்குக் கேக்காது. நான் சொன்னா நிப்பாரு" என்ற பல்லி, "ச்சு ச்சு" என்றது.

பல்லி சொன்னால் எடுத்த காலை வைக்காத மனுஷர். சகுனம் சரியில்லையென்று வாசலிலேயே நின்றார். நின்றபோதுதான் தரையில் எண்ணெய் மினுங்குவது கண்ணில் பட்டது.

"என் தாயே, நீ நல்லாயிரு!" என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். பல்லிக்குப் பூச்சி கிடைக்கட்டுமென்று அன்று முதல் அங்கே விளக்கை அணைப்பதே இல்லை.

மறுநாள் சாயங்காலம், கொழுத்த விட்டில் ஒன்றைக் கவ்வியிருந்தது பல்லி. கீழே தரையெல்லாம் ஈரம். வெளியே தடிச் சத்தம். பல்லி விட்டிலைத் துப்பிவிட்டு, "ச்சு ச்சு" என்றது.