மேல்வீட்டுக் குட்டி

தடவிக்கொடுக்கும் சாக்கில் குறை தேடிக்கொண்டிருந்தாள்.

பூனைக்குட்டி மடியில் கிடந்தது. வயிறு பந்துபோல உருண்டிருந்தது. எதிரே ஜெசிந்தா, ஈரத் தலையில் துண்டு கட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றாள்.

ஜெசிந்தா கொழுந்தனின் மனைவி. மாடியில் குடியிருக்கிறாள். கீழ்வீட்டில் மூத்த மருமகளான இவள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குட்டி போட்ட தாய்ப்பூனை ஒருநாள் திரும்பி வரவில்லை. இருந்தவை இரண்டு. ஒன்றை ஜெசிந்தா எடுத்துக்கொண்டாள். மற்றதை இவள் எடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் ஆரம்பித்தது.

இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே.

ஜெசிந்தா வைத்தால் குழம்பு மணக்கும். இந்த உப்புக்காற்றிலும் ஜெசிந்தா நட்ட ரோஜா பூக்கும். சின்னவள் தொட்டதெல்லாம் துலங்குகிறது என்று மாமியார் தெருவில் நின்று சொல்லுவார். வீட்டுக்கு முதலில் வந்த மருமகள் அதைக் கேட்டுக்கொண்டே மீன் கழுவுவாள்.

இப்போது பூனையிலும்.

"மேல உள்ளது மொழுமொழுன்னு இருக்கு. ஒன்னோடது ஏன் நரம்பாக் கெடக்கு? தீனி போடுதியா, இல்லியா?"

மாமியாரின் அந்தப் பேச்சுப் பொறுக்காமல் தன் குட்டியைக் கூடையில் போட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் அதன் முதுகில் விரலை ஓட்டினார். விலாவைத் தடவினார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வளர்கிற குட்டி இப்படி ஒல்லியாகத்தான் நீளும், எலும்பு கையில் தட்டுப்படலாம், குத்தத்தான் கூடாது, ஈறு நன்றாகச் சிவந்திருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார்.

அவள் நம்பவில்லை.

மாடியில் பூசணிக்காய் போல ஒன்று இருக்கும்போது எப்படி நம்புவது?

இன்று ஜெசிந்தாவே கூப்பிட்டு, குட்டியை மடியில் வைத்தாள்.

விரல் அதன் முதுகில் ஓடியது.

குத்தியது.

மறுபடி ஓட்டினாள். உருண்டிருந்தது வயிறு மட்டும்தான். முதுகெலும்பு சீப்புப் பல்லாக நின்றது. முடி பளபளப்பில்லாமல் விறைத்திருந்தது. கொஞ்சுவதுபோல உதட்டைத் தூக்கினாள்.

ஈறு வடித்த சோறாக வெளுத்திருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்.

அது உடம்பெல்லாம் பரவட்டும் என்று விட்டாள்.

ஜெசிந்தா கேட்டாள். "நல்லா வளந்திருக்குல்லாக்கா?"

அவள் தலையாட்டினாள். குட்டியைத் தரையில் விட்டாள். கீழே இறங்கி வந்தாள்.

உலை வைத்தாள்.

கீழ்வீட்டுக் குட்டி ஜன்னல் திரையில் ஏறியது. விழுந்தது. மறுபடி ஏறியது. மேல்வீட்டுக் குட்டி எதிலும் ஏறி அவள் பார்த்ததில்லை. அது போட்ட இடத்தில் கிடக்கும். எவ்வளவு சமத்து என்பார் மாமியார்.

உலை கொதித்தது. அரிசியைப் போடாமல் நின்றாள்.

பிறகு அடுப்பை அணைத்தாள். கூடையை எடுத்தாள்.

மாடிப்படி ஏறும்போதும் கோபமாகத்தான் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"ஜெசி, சீலைய மாத்து. குட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

வயிறு முழுக்கப் புழு என்றார் டாக்டர். தின்றதெல்லாம் புழுவுக்கே போயிருக்கிறது, இரத்தமும் குறைந்துவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார். ஜெசிந்தா அங்கேயே அழுதாள். இவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

தோளை விலக்கிக்கொள்ள முடியவில்லை.

மருந்து கேட்டது. வயிறு வற்றியது. குட்டி மெலிந்து, நீண்டு, ஒருநாள் மாடிச் சுவரில் காயப்போட்ட துணிகளையெல்லாம் இழுத்துக் கீழே போட்டது.

ஜெசிந்தா போகிற இடமெல்லாம் சொன்னாள். கோயிலில் சொன்னாள். மீன்காரம்மாவிடம் சொன்னாள். எங்கள் அக்கா இல்லையென்றால் குட்டி இல்லை என்றாள். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், மூத்தவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று மாமியாரே சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அவள் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம் வெந்த சாளை மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு குட்டிகளும் காலைச் சுற்றின. ஜெசிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் தெனமும் தூக்கி வச்சுக் கொஞ்சுதேன். எனக்குத் தெரியலையே. நீங்க ஒருக்கா தொட்டதுல எப்படிக்கா கண்டுபிடிச்சிய?"

வெறும் கேள்விதான். ஜெசிந்தாவின் முகத்தில் வேறெதுவும் இல்லை.

அவள் நிமிரவில்லை.

முள்ளெல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று. விரல்கள் மீனைப் பிசைந்துகொண்டே இருந்தன.