காய்ந்த சாதிக்காய்

புதுப் பூனைக்குட்டிக்குத் தட்டும் மணியும் வாங்கியாயிற்று. விளையாட ரப்பர் பந்தா, கம்பளி நூலா என்று தெரியாமல் நின்றேன்.

"ரெண்டும் வேணாங்க அக்கா," என்றார் கடைக்கார லோரன்ஸ். "காஞ்ச சாதிக்காய் ஒன்னு கொண்டு போங்க. ஓட்டுக்குள்ள கொட்டை ஆடும். அந்தச் சத்தத்துக்கே ஓடித் திரியும்."

அப்படித்தான் நடந்தது. குட்டி அதை வீடெல்லாம் உருட்டி, மகன் ஹில்மியின் பூட்டிய அறைக் கதவுக்கு அடியில் தட்டிவிட்டது. எண்பத்தொன்பதில் பல்லேபொல சந்தியில் நின்றவனை ஆமிக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; அவன் திரும்பி வரவேயில்லை. அறைச் சாவி அவன் பையில் இருந்தது. கதவை உடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாதிக்காய் வெளியே உருண்டு வந்தது. குலுக்கினேன், சத்தமில்லை. ஓட்டின் மேலே சாதிபத்திரி இதழ் சிவப்பாக, ஈரமாகச் சுற்றியிருந்தது.

என் கணவர் மோந்து பார்த்தார். "இப்பதான் பறிச்சிருக்கு. ஆனா இது காய்க்கிற மாசம் இல்லையே."

அவன் போன அன்று துவைத்துப்போட்ட சட்டை என் அலுமாரியில் இருந்தது. எடுத்துவந்து கதவடியில் தள்ளினேன். குட்டி காதை நிமிர்த்திக் காத்திருந்தது.

சட்டை மெல்ல வெளியே வந்தது. காலர் வியர்வையில் நனைந்திருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.