குழந்தை இருந்தால்தான் உள்ளே

"தண்ணியில ஆடப் போற எடத்துக்கு யாராச்சும் சேலை கட்டிட்டு வருவாங்களா நிர்மலா?" என்று முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டாள் பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் டேபிள் அன்புசெல்வி. பஸ்ஸே சிரித்தது.

நிர்மலா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவள் அம்மா சித்ராதேவிதான் பதில் சொன்னாள்.

"வயசுப் புள்ளைக்குச் சேலைதானுங்க அழகு."

அழகாவது ஒன்றாவது! காலையில் மண்ணரை லைன் வீட்டில், கைக்குக் கிடைத்த ஊக்கையெல்லாம் குத்தி அந்தச் சேலையை மகள் உடம்பில் நிற்கவைத்ததே, பார்க்கிறவர்களுக்கு அவள் பெரியவளாகத் தெரிய வேண்டும் என்றுதான். கம்பெனிக் கணக்கில் நிர்மலாவுக்குப் பத்தொன்பது வயது. நிஜத்தில் பதினாலு. வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆதார் அட்டை பெரியம்மா மகளுடையது.

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, பெண்ணை லைன் வீட்டில் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக மனம் வராமல் செய்த காரியம் அது. மாட்டினால் இருவருக்கும் வேலை போகும். போனால் போகட்டும், திருப்பூரில் வேறு பனியன் கம்பெனியா இல்லை? ஆனால் பக்கத்துச் சந்தில் இப்படித்தான் வேலைக்குப் போன ஒரு சின்னப் பெண்ணை அதிகாரிகள் ஜீப்பில் ஏற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தாய் தெருவில் புரண்டு அழுததைச் சித்ராதேவி கண்ணால் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்க்க வருகிற நாளிலெல்லாம் நிர்மலாவுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்துவிடும்.

இந்தச் சுற்றுலாவுக்கும் ஒரு காய்ச்சலை வரவழைத்திருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எதையுமே கேட்காத பெண், "அந்த அலை வர்ற குளத்துல ஒருக்கா நிக்கோணும்மா" என்று கேட்டுவிட்டாள். வாட்டர் பார்க் கேட்டில் வாட்ச்மேன் அட்டையைக் கேட்பானோ, முகத்தை உற்றுப் பார்ப்பானோ என்று சித்ராதேவிக்கு இப்போதே பயமாக இருந்தது.

அவிநாசியில் டீக்கு நிறுத்தினார்கள். புதிதாக வந்திருந்த ஹெச்.ஆர். அனிதா மேடம் பெண்களோடு சேராமல், டிரைவர் சுரேஷிடம் பேசியபடி தனியாக நின்று டீ குடித்தாள். போன வாரம் எல்லோருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தவள் அவள். இன்றைக்குத் தள்ளி நிற்கிறாளே, அதுவரைக்கும் நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள் சித்ராதேவி.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். சுரேஷ் குரல் கொடுத்தான்.

"ஏனுங்க, ஒரு சமாச்சாரமுங்க. குழந்தைங்க இல்லாம பெரியவங்க மட்டும் போனா பார்க்குக்குள்ள விடறதில்லையாமா. முன்னால போன ஒரு பஸ்ஸத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

"அதென்னங்க அநியாயம்?"

"ஆமாங்க, நானும் வாட்ஸப்புல பார்த்தனுங்க!"

"நம்ம பஸ்ஸுல ஒரு பொடுசுகூட இல்லையே!"

எப்படி இருக்கும்? கம்பெனி செலவில் போகிற சுற்றுலா, பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுரேஷ் வண்டியை ஓரங்கட்டினான். "அப்ப திருப்பிரட்டுங்களா?"

நிர்மலா ஜன்னல் பக்கம் திரும்பி, தலைப்பை இழுத்துக் கண்ணைத் துடைக்கப் போனவள், ஊக்கு குத்தி "ஸ்ஸ்" என்றாள்.

சித்ராதேவி மகளைப் பார்த்தாள். சொல்லலாமா? சொன்னால் போச்சு. சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றும் போச்சு.

அனிதா எழுந்து நின்றாள். "குழந்தைன்னு ஒருத்தர் இருந்தாக்கூடப் போதுமுங்க. இன்னைக்கு லீவு நாளு. இங்க ஆபீசும் இல்ல, மேடமும் இல்ல. நாமெல்லாம் ஒரே குடும்பந்தானுங்க" என்றாள். குரல் அத்தனை இதமாக இருந்தது.

சித்ராதேவி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"திருப்பாதீங்க தம்பி. என்ற புள்ள இருக்கறா. அவளுக்குப் பதினாலுதானுங்க."

பஸ் முழுக்கக் கைதட்டல். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா!" என்று அன்புசெல்வி ஓடிவந்து நிர்மலாவைக் கட்டிக்கொண்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இத்தனை நாளும் சும்மா பயந்து செத்தோமே என்று சித்ராதேவிக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்க் கேட்டில் எல்லோருக்கும் முன்னால் மகளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, எங்ககூடக் குழந்தை இருக்குதுங்க."

வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "இருந்தாலும் போங்க, இல்லாட்டியும் போங்க. பெரியவங்க மட்டும் தெனமும்தான் வர்றாங்க, யார நாங்க தடுத்தோம்? எவனுங்க இதக் கெளப்பிவிட்டது?"

சித்ராதேவி திரும்பிச் சுரேஷைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு டயரை எட்டி உதைத்துப் பார்த்தான்.

நிர்மலாவின் தோளில் ஒரு கை மெதுவாக வந்து விழுந்தது. அனிதா மேடத்தின் கை.

"கெளப்பிவிட்டது நாந்தாங்க்கா."