கிறீச்சிட்ட நாற்காலி

“அக்கா, உன் நாற்காலி கிறீச்சிடுது! கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உட்கார முடியாதா உன்னால?”

தம்பி ஒலிப்பதிவை நிறுத்தினான். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“முதுகு பிடிச்சுக்குதுடா. மன்னிச்சுக்கோங்கம்மா, முதல்லேருந்து வாசிச்சிடலாமா?”

அவர்கள் இருவரும் நடத்தும் இசைத்தட்டு நிறுவனம் இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிடும். பெரிய நிறுவனங்கள் சீந்தாத செவ்வியல் இசையைத் தேடிப்பிடித்து வெளியிடுவதே அதன் பணி. இன்று வந்திருந்த வயலின் அம்மாளின் தந்தை இயற்றிய உருப்படிகள் எங்கும் பதிவாகவில்லை. அவற்றை அறிந்தவர் இந்த அம்மாள் ஒருவரே. அவருக்கோ அண்மையில்தான் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

வந்தவுடனேயே சொல்லிவிட்டார்: “விரல் ஒரு இடத்துல தடுக்கினாலும் எழுந்து போயிடுவேன். அப்பா பேரைக் கெடுக்க நான் வாசிக்க வேண்டாம்.”

மீண்டும் வாசித்தார். பாதியில், கிறீச்!

“வேற நாற்காலி தரேன், எழுந்திரு.”

“வேண்டாம்டா. இதுதான் எனக்குப் பழக்கம்.”

“அப்ப எண்ணெயாவது போடுறேன்.”

“அப்புறம் போடலாம். அம்மா காத்துட்டிருக்காங்க பாரு.”

அடுத்த முறை, முடியப்போகும் தறுவாயில், கிறீச்!

“ஏம்மா, எறும்பு கிறும்பு கடிக்குதா உன்னை?” கோபமாகத் தொடங்கிய வயலின் அம்மாள் சிரித்துவிட்டார். “என் விரலை நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கலை. இங்கே வந்து பார்த்தா, உன் நாற்காலிதான் வில்லன்!”

சிரித்த முகத்தோடு மறுபடி வில்லை எடுத்தார். இம்முறை இசை தங்குதடையின்றி ஓடி முடிந்தது. நாற்காலி மூச்சுவிடவில்லை.

“அப்பாடா!” வயலினை மடியில் கிடத்தினார். “ஒரு இடத்துலகூடத் தடுக்கலை, இல்ல?”

“இல்லவே இல்லைம்மா.”

மிச்சத்தை அடுத்த வாரம் வாசிப்பதாகச் சொல்லிப் போனார்.

“அவங்க நல்லவங்க, அதனால நீ தப்பிச்சே,” என்று முணுமுணுத்தபடி, பாழான பதிவுகளை அழிக்கத் தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

முதல் பதிவில் விரல் இலேசாகத் தடுக்கியது. உடனே கிறீச்!

இரண்டாவதைக் கேட்டான். தடுக்கல், கிறீச். மூன்றாவதும் அப்படியே.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் ஒன்றும் அறியாதவள்போல மைக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னடா பார்க்கிறே? நாற்காலிக்கு எண்ணெய் போடணும்னியே?”

“அடுத்த வாரம் அவங்க வந்துட்டுப் போகட்டும்க்கா.”