ஆளில்லாத அறை

“உள்ள துணி மூட்டைதானே பாய்? வேற யாரும் இல்லையே?”

லோகன் திரும்பத் திரும்பக் கேட்டான். மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா, “யாரும் இல்ல லா தம்பி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை மட்டும் கிடங்குச் சாவியை இறுகப் பிடித்திருந்தது.

ஆள் ஏதோ மறைக்கிறார் என்று லோகனுக்குப் பட்டது. எந்த அறைக்கு எவ்வளவு பெரிய ஏர்கோன் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவன் தொழில். சுவர், ஜன்னல், வெயில், உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் அதில் சேரும். மனுஷ உடம்பும் சூடு தருமே. கிடங்கில் ஆளே கிடையாது என்று பாய் சொன்னதால்தான் சின்ன ஏர்கோன் போதும் என்றான். இப்போது மத்தியானமானால் குளிரவே மாட்டேங்குது என்று கடை கடையாகச் சொல்லித் திரிகிறார். பேர் நாறிப்போனால் இந்தத் தெருவில் அடுத்த வேலை எவன் தருவான்?

அவன் கணக்காவது, தப்பாவது! பிரிக்ஃபீல்ட்ஸில் அவனுடைய மேல்மாடி வீட்டுக்கும் அவன்தானே கணக்குப் போட்டான். அவன் அப்பா தம்புசாமி, கோயிலுக்கென்று காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பகலில் ஆளில்லாத அவர் ரூமுக்கு ஏர்கோன் தண்டம் என்று காத்தாடியோடு நிறுத்திவிட்டான். அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தப் பாய்தான் சரியில்லை. பர்மிட் இல்லாத ஆட்களை உள்ளே அடைத்துவைத்துத் துணி தைக்கிறாரோ?

அப்போது கிடங்குக்குள் யாரோ இருமினார்கள்.

“மூட்டை இருமுமா பாய்? கதவைத் திறங்க.”

“சத்தம் போடாதே தம்பி. தூங்குறாங்க.” பாய் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்.

உள்ளே ஏழெட்டுக் கிழவர்கள். இருவர் கட்டம் போட்ட பலகையில் ‘தாம்’ காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மூட்டைமேல் சாய்ந்து கிடந்தார்கள்.

“வீட்ல வெக்கை தாங்கலையாம், பாவம். தினமும் வருவாங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா அசிங்கம், யார்கிட்டேயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சுனாங்க. அதான் உன்கிட்ட மறைச்சேன்” என்றார் பாய் தாழ்ந்த குரலில்.

லோகன் உள்ளே அடி எடுத்து வைத்தான். அவன் கணக்குப் போட்டுக் கொடுத்த ஏர்கோனுக்கு நேர் கீழே, நெற்றியில் விபூதி கலையாமல், அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார் தம்புசாமி.